நான் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தவள்

ஏற்காட்டில் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்த ஆண்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். பெண் என்றால், எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். கடனைக் கட்ட வழியில்லை, இருக்கிற சொத்தை எடுத்து எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு என்னை விட்டுவிடுங்கள் என்று கோர்ட்டில் மனுப் போட்டால், கடன் கொடுத்த ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் போகும். அதற்குத்தான் அந்தப் பெயர். அதைச் சொல்லும்போது ஜனங்கள் ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நான் தாழ்த்துவதில்லை.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரியாணி மெஸ் இருந்தது. நன்றாகத்தான் ஓடியது. அதோடு நின்றிருக்கலாம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிறவர்கள் "தங்க ரூம் இருக்குங்களா?" என்று கேட்கக் கேட்க எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆறு அறைகள் உள்ள பழைய கட்டடம் ஒன்றை லீஸுக்கு எடுத்தேன். பெண்கள் பேரில் கடன் வாங்கினால் வட்டி குறைவு என்று பேங்கில் சொன்னார்கள். அதனால் எல்லாக் காகிதத்திலும் கையெழுத்து என்னுடையது. அது போதாமல் சேலத்தில் இரண்டு ஃபைனான்ஸ்காரர்களிடமும் வாங்கினேன். வட்டிக்கு வாங்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லி வளர்த்த குடும்பம் எங்களுடையது. வேண்டாம் என்ற வீட்டுக்காரரை "நீங்க பேசாம இருங்க" என்று அடக்கியதும் நான்தான். அவர் பாவம், அடங்கிவிட்டார்.

பெயிண்ட் அடித்து, புது மெத்தை போட்டு, கோடை சீசனுக்குக் காத்திருந்த நேரத்தில் கொரோனா வந்தது. அடிவாரத்திலேயே வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த சீசன் போயிற்று. அடுத்த வருஷ சீசனும் போயிற்று. மெஸ்ஸில் பார்சல் மட்டும் கொடுத்தோம், வாங்கத்தான் ஆள் இல்லை. என் நகை முழுக்க அடகுக் கடைக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டது.

அப்போதுதான் செய்யக் கூடாத காரியம் ஒன்றைச் செய்தேன். நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் காப்பிப் பழம் பறித்த ஒரு அக்கா, டவுனுக்கு வரும்போதெல்லாம் எங்கள் மெஸ்ஸில் சாப்பிடுவார். வேலையிலிருந்து நின்றபோது எஸ்டேட்டில் கொடுத்த பணத்தில் எண்பதாயிரத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். வீட்டில் இருந்தால் தங்காது என்பது அவர் பயம். காகிதம் கிடையாது, வட்டி கிடையாது. "நான் கேக்கறப்ப குடுங்க, போதும்" என்றார். இதை முஸ்லிம்கள் நாங்கள் அமானிதம் என்போம். நம்பி ஒப்படைத்த பொருள். கேட்கும்போது அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும், இடையில் தொடக் கூடாது. நான் தொட்டேன். லீஸ் பாக்கிக்கும் ஃபைனான்ஸ்காரர் வட்டிக்கும் அதை எடுத்துக் கொடுத்தேன். சீசன் வந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்று என் காதில் நானே பூச்சுற்றிக்கொண்டேன்.

ஃபைனான்ஸ் ஆட்கள் மெஸ் வாசலில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் ஆம்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். இந்த மலையில் அப்படிக் கம்பி நீட்டியவர்கள் உண்டு. அதைவிட மோசமான முடிவு எடுத்தவர்களும் உண்டு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் எதுக்குங்க ஓடணும்? யார் ஊட்டுலயாவது திருடிட்டனா?" என்று கத்தினேன். கத்தும்போதே அந்த எண்பதாயிரம் நினைவுக்கு வந்தது.

சேலத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். திவால் மனு கொடுப்பது குற்றமில்லை, சட்டம் கொடுத்த வழி என்று அவர்தான் சொன்னார். "கடன் குடுத்தவங்க பேரை ஒருத்தர் விடாம எழுதிக் குடுங்கம்மா. பட்டியல்ல இல்லாத கடன் தீராது. மறைச்சது தெரிஞ்சா மனுவே அடிபட்டுப் போகும்" என்றார். உட்கார்ந்து எழுதினேன். பேங்க், ஃபைனான்ஸ், லீஸ்காரர், கோழிக்கடை, மளிகை, புதினா கொடுக்கிறவர் வரைக்கும் எழுதினேன். நாகலூர் அக்காவை மட்டும் எழுதவில்லை. அந்த அக்கா கையில் கோர்ட் கடுதாசி போவதா? அவருக்கு எப்படியாவது தனியாகக் கொடுத்துவிடுவேன் என்று முடிவு செய்து, என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டேன். உண்மையில் அது பெருந்தன்மை இல்லை, வெட்கம். அமானிதத்தைத் தின்றவள் என்று என் கையாலேயே எழுத மனசு வரவில்லை.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்த வாரத்தில் மெஸ் வாசலில் ஒரே ரகளை. ஒவ்வொருவரும் வந்து கத்திவிட்டுப் போனார்கள். நான் கதவைச் சாத்தவில்லை. அந்தக் கூட்டமெல்லாம் ஓய்ந்தபின் ஒரு காலையில் நாகலூர் பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கி வந்தார். முகம் கறுத்திருந்தது. பணம் போய்விட்டதே என்று அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏனுங்க பாயம்மா, எல்லாருக்கும் மஞ்சக் கடுதாசி வந்துச்சாமா. புதினாக்காரிக்குக்கூட வந்துச்சுங்களாம். எனக்கு வரலீங்களே" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எம் பணம் மட்டும் பணமில்லீங்களா? காயிதம் இல்லாததுனால எம்பேரு இல்லீன்னு ஆயிருச்சுங்களா?"

நோட்டீஸ் வந்தவர்கள் எல்லாம் என்னைத் திட்டினார்கள். வராத இந்த ஒருவர்தான் வரவில்லையே என்று கேட்டு வந்திருந்தார். கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் தன் பேர் இல்லையென்றால், தான் பணம் கொடுத்ததையே நான் மறுக்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். யோசித்துப் பார்த்தால் அவர் நினைத்ததில் என்ன தப்பு? எனக்குக் கூசிப்போயிற்று. உட்கார வைத்து, டீ கொடுத்து, பணம் செலவாகிவிட்டது என்பதை முதலில் சொன்னேன். வெட்கப்பட்டுத்தான் பேரை எழுதவில்லை என்பதையும் சொன்னேன். பேரை எழுதினால் என்ன ஆகும் என்பதையும் மறைக்கவில்லை. "எழுதுனா கோர்ட்டு பிரிச்சுக் குடுக்கறப்ப கொஞ்சம்தான் வருங்க்கா. மீதியைத் தள்ளுபடி பண்ணிருவாங்க. எழுதலைன்னா தள்ளுபடி ஆகாது."

அக்கா டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "கோர்ட்டு என்னமோ பண்ணிட்டுப் போகுதுங்க. நீங்க என்ன பண்ணப் போறீங்க?" என்றார்.

"குடுத்துருவேனுங்க்கா. நாளாகும். ஆனா முழுசாக் குடுத்துருவேன்."

"அப்ப எழுதுங்க. எம்பேரு அதுல இருக்கோணும்."

வக்கீலிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பட்டியலைத் திருத்த மறுபடியும் மனுப் போட்டு, ஜட்ஜ் முன்னால் நின்று, விட்டது என் தப்புதான் என்று சொன்னேன். அக்காவுக்கு நோட்டீஸ் போயிற்று. அதை ரேஷன் கார்டோடு சேர்த்து மடித்து வைத்திருப்பதாகப் பிறகு சொன்னார்.

கோர்ட்டு நியமித்த ரிசீவர் வந்து கட்டில், மெத்தை, டிவி, பெரிய ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். வெள்ளக்கடை என்ற ஊரில் எனக்கு இருந்த ஆறு சென்ட் நிலமும் ஏலத்துக்குப் போயிற்று. பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். நான் வாசலில் நின்று ஒவ்வொரு கட்டிலையும் துணியால் துடைத்துத் தூக்கிவிட்டேன். வீட்டுச் சமையல் பாத்திரத்தைச் சட்டம் தொடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். எனக்கு அது போதும். மெஸ்ஸைக் காலி செய்த மறுநாளே வீட்டிலிருந்து ஆர்டருக்குப் பிரியாணி செய்ய ஆரம்பித்தேன். திவாலான வீட்டில் எவன் சாப்பாடு வாங்குவான் என்றார்கள். முதல் மாதம் யாரும் வாங்கவில்லைதான். இரண்டாம் மாதம் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் தன் மகள் சீருக்கு நாற்பது பேருக்குச் சொன்னார். அதற்குப் பிறகு நின்றதில்லை.

மாதாமாதம் முதல் வாரத்தில் நாகலூர் பஸ் ஏறினேன். இரண்டாயிரம் முடிந்தால் இரண்டாயிரம், ஐந்நூறுதான் முடிந்தது என்றால் ஐந்நூறு. அக்கா எண்ணாமல் வாங்கியதே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

இடையில் கோர்ட்டு என்னைக் கடனிலிருந்து விடுவித்து உத்தரவு போட்டது. "இனிமே நீங்க யாருக்கும் ஒத்தைப் பைசா தர வேண்டியதில்லைம்மா" என்று வக்கீல் கை கொடுத்தார். அன்றைக்குப் பஸ்ஸில் மலை ஏறும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றையும் டூரிஸ்ட் மாதிரி வேடிக்கை பார்த்தேன். நெஞ்சு அவ்வளவு லேசாக இருந்தது. பேங்குக்கும் ஃபைனான்ஸ்காரர்களுக்கும் அதன் பிறகு நான் எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். லாபத்துக்காகக் கொடுத்தவர்களுக்கு நஷ்டமும் வரும், அதைத் தாங்கத் தெரிய வேண்டும். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். உயிரோடும் மானத்தோடும் நான் இந்த ஊரிலேயே இருப்பதற்கு அந்தச் சட்டம்தான் காரணம், அதைக் கேட்டு வாங்கியதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

ஆனால் அடுத்த மாதமும் நாகலூர் போனேன். அதற்கடுத்த மாதமும் போனேன். கடைசித் தவணையை எடுத்துப் போனது போன மாசி மாதம். அன்றைக்கு அக்கா எண்ணி முடித்துவிட்டு உள்ளே போய், நான் இத்தனை நாளும் கொடுத்த பணத்தில் செலவு போக மிச்சம் வைத்திருந்ததையும் எடுத்து வந்தார். ஐம்பதாயிரத்துக்கு மேல் இருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, என் மடியில் வைத்தார்.

"நீங்களே வெச்சிருங்க பாயம்மா."

"அக்கா, நான் திவாலானவளுங்க. கோர்ட்டுலயே எழுதி வெச்சிருக்காங்க" என்றேன்.

"தெரியுமுங்க. எனக்கும்தான் கடுதாசி அனுப்புனாங்க" என்றார். "ஆனா குடுத்துட்டீங்கல்ல."

அந்த இடத்திலேயே அழுதேன். ஊரே வாசலில் வந்து கத்தியபோது அழாதவள், பெருமை தாங்காமல் அழுதேன். பணத்தை வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலையில் அவரை டவுனுக்கு வரச் சொல்லி, அவர் பேரிலேயே போஸ்ட் ஆபீஸில் கணக்குத் திறந்து முழுப் பணத்தையும் போட்டேன். பாஸ் புத்தகம் என் பீரோவில் இருக்கிறது. பணம் வேண்டுமென்றால் அக்கா என்னிடம்தான் வருவார்.