சில்வண்டு வளர்க்கும் அக்கா

நான் வளர்க்கும் பியர்டட் டிராகனுக்கு, அதாவது தாடி வைத்த ஓணானுக்கு, பின்னங்கால்கள் நடுங்கத் தொடங்கின. கால்சியம் குறைவு என்று மருந்து கொடுத்த கால்நடை மருத்துவர், தீனியையும் சில்வண்டுக்கு மாற்றச் சொன்னார். அப்படித்தான் திருக்கனூரில் மாட்டுக்கொட்டகையில் சில்வண்டு வளர்த்து விற்கும் அந்த அக்காவிடம் ஓணானையும் எடுத்துக்கொண்டு போனேன். ஐம்பது வயதிருக்கும். நைட்டிமேல் துண்டு போட்டிருந்தார். பேசும்போதே சில்வண்டு அடைத்த டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்துச் சத்தம் கேட்டார்.

"இன்னா துன்றான் இவன்?"

"புழு மட்டும்தான்க்கா."

"அதுல கொழுப்புதான்பா ஜாஸ்தி."

ஓணானின் இரு கண்களுக்கு நடுவே சுண்டுவிரல் நகத்தை வைத்துப் பார்த்தார். "இந்த அகலத்தவிட பெரிய பூச்சி போடாத. தொண்டையில மாட்டிக்கும்."

டப்பாவை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை.

"பூச்சி வயிறு காலியா கெடக்குது. முருங்கக்கீர துன்னட்டும். அது துன்றதுதான் இவனுக்குப் போய்ச் சேரும். நாளைக்கு வா."

இரண்டு மாதத்தில் ஓணான் கல்மேல் தானே ஏறி உட்கார்ந்தது. அதைச் சொல்லப் போனபோது, "இதுமாதிரி எத்தனை வளர்த்திருக்கீங்கக்கா?" என்று கேட்டேன்.

"நானா? அன்னிக்கி நீ எடுத்தாந்தியே, அப்பதான் மொத மொதல்ல பாத்தேன். பூச்சி வாங்க வர்றவங்க சொல்றத கேட்டு வெச்சுக்குவேன், அவ்ளோதான்."