மிர்க்கா காத்திருந்த கதவு

எங்கள் ஊர் இரும்புக் கடையில் மிர்க்காவிடம் எதைக் கேட்டாலும் கீழ்த்தட்டிலிருந்துதான் வரும். இடது கையை அவளால் தோளுக்கு மேல் தூக்க முடியாது. கணவர் வெய்க்கோ மறந்துபோய்க் காபித்தூளை மேல் அலமாரியில் வைத்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் ரகளைதான். திட்டு விழுவது வெய்க்கோவுக்கு இல்லை, மாலினுக்கு.

மாலின் பக்கத்து நாட்டுக்காரி, சுவீடன்காரி. இருவருக்கும் பதினேழு வயதில், இதே ஊரில் நடந்த சர்வதேச ஜூனியர் பெண்கள் ஐஸ் ஹாக்கிப் போட்டியில், மிர்க்காவைப் பின்னாலிருந்து தள்ளி, களத்தைச் சுற்றியிருக்கும் பலகைச் சுவரில் மோதவிட்டவள். தோள் நொறுங்கியது. நடுவர் கொடுத்த தண்டனை இரண்டே நிமிடம். அதைக் களத்தோரத் தண்டனைப் பெட்டியில் சும்மா உட்கார்ந்து கழித்துவிட்டு, வெளியே வந்து வெற்றி கோலையும் அவளே அடித்தாள். மிர்க்கா அதற்குப் பிறகு ஆடவேயில்லை. தேசிய அணி முகாமுக்கு அவளுக்கு வந்திருந்த அழைப்பு வேறொருத்திக்குப் போனது.

ஊர் ஐஸ் அரங்கத்தில் ஆட்டக் கடிகாரம் பார்ப்பவள் நான். சம்பளம் கிடையாது, காபியும் பன்னும் உண்டு. என் பக்கத்தில் மிர்க்கா, எதிரணியின் தண்டனைப் பெட்டிக் கதவைத் திறந்து மூடுவாள். வேறு வேலை கொடுத்தால் வாங்கமாட்டாள். "வருவாடி, ஒருநாள் வராமலா போயிடுவா" என்பாள்.

போன பிப்ரவரியில் மாலின் வந்தேவிட்டாள், சுவீடன் ஜூனியர் அணியின் பயிற்சியாளராக. முதல் நாள் எங்களைக் கடந்து போகும்போது பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடையைக் கட்டினாள். திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி ஆட்டம் எங்களுக்கும் அவர்களுக்கும். இரண்டுக்கு இரண்டு என்று இருந்தபோது தில்டா என்ற சுவீடன் பெண் எங்கள் பெண்ணைத் தடுக்கிவிட்டுப் பெட்டிக்குள் வந்தாள். அவர்களுக்கு ஓர் ஆள் குறைச்சல். தண்டனை நேரம் முடிந்ததும் நான் தலையசைத்தேன். கதவு திறக்கவில்லை. சின்னப் பிள்ளைகூட ஒரு விரலால் நகர்த்தும் தாழ்ப்பாள் அது. மிர்க்கா அதோடு மல்லுக்கட்டுவது போல நின்றாள். தில்டா உள்ளேயிருந்து கதவை முட்டினாள். அதற்குள் எங்கள் பெண்கள் கோல் போட்டுவிட்டார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அந்தக் கோலிலேயே நாங்கள் ஜெயித்து ஆட்டம் முடிந்ததும் சுவீடன் உதவிப் பயிற்சியாளர் புகார் சொல்ல எங்கள் மேசைக்குப் பாய்ந்து வந்தார். மாலின் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மிர்க்காவுக்கு அது பிடிக்கவில்லை. முகத்துக்கு நேரே சொன்னால்தானே பழி தீரும். உடைமாற்றும் அறை வாசலில் போய் நின்றாள், நானும் கூடப் போனேன். பள்ளியில் கட்டாயத்துக்குப் படித்த சுவீடிஷ் அன்றுதான் எங்களுக்கு உருப்படியாக உதவியது. மாலினே முந்திக்கொண்டாள்.

"முதல் நாளே உன்னை அடையாளம் தெரிஞ்சுபோச்சு மிர்க்கா. வேற ஆளைப் போடச் சொல்லியிருக்கலாம், சொல்லல. கதவை நீ வேணும்னுதான் தொறக்கலன்னும் தெரியும். புகார் குடுக்கல. சரியாப் போச்சுன்னு வெச்சுக்கலாமா?"

கையை நீட்டினாள். மிர்க்கா இத்தனை வருடம் காத்திருந்த பழியைப் பிச்சை போடுவது போலப் போட்டாள். மிர்க்காவின் முகம் சிவந்துவிட்டது.

உள்ளே தில்டா தேம்பிக்கொண்டிருந்தாள். தான் கதவை முட்டியதால்தான் தாழ்ப்பாள் சிக்கியது என்று தோழிகளிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். அது மாலினின் காதிலும் விழுந்தது. அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

மிர்க்கா அந்தக் கையை விலக்கிவிட்டு நேரே அறைக்குள் போனாள்.

"அழாதேம்மா, உன் மேல தப்பில்ல. நான்தான் வேணும்னே தொறக்கல. அது உங்க மாலினுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் புகார் வேணாம்னுட்டா."

தில்டா மூக்கைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

"மாலின், உங்களுக்குத் தெரியுமா?"

மாலின் தரையைப் பார்த்தாள். அவளுடைய பெண்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிர்க்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அடுத்த வாரமே கதவு வேலையிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள், அவளும் ஏன் என்று கேட்கவில்லை.