டேவிட்ராஜை வீழ்த்தியவர்கள்

அக்காள்மடம் டேவிட்ராஜைக் குத்துச்சண்டையில் தோற்கடித்தவர்கள் மொத்தம் மூன்றே பேர். அதில் நான் ஒருத்தன், கீழக்கரை காஜா நவாஸ். அதனால் அவனைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. செல்போனில் நாற்பது செகண்டு வீடியோ பார்த்துவிட்டு வாய் கிழியப் பேசுகிறவனுக்கு எந்த உரிமையும் கிடையாது.

விசைப்படகில் வலை இழுத்து வளர்ந்தவன் டேவிட். கடலுக்குப் போகாத நாட்களில், கிழிந்த வலைக்குள் மணல் மூட்டையைத் திணித்துப் பூவரச மரத்தில் தொங்கவிட்டுக் குத்துவான். கோச் கிடையாது, ஷூ கிடையாது. அப்படியும் மூன்று வருடம் தொடர்ந்து மாநில சாம்பியன். என்னை நாலு முறை அடித்துத் துவைத்தான். ஐந்தாவது முறை, ராமநாதபுரத்தில், நான் பாயிண்டில் ஜெயித்தேன். ஜெயித்த பிறகு நடக்க முடியாமல் அவன் தோளில் சாய்ந்துதான் பஸ் ஏறினேன். அந்தத் தோல்வியால் அவன் பெயரில் ஒரு கீறல்கூட விழவில்லை. "டேவிட்டையே ஜெயிச்சவன்" என்று என் பெயர்தான் வளர்ந்தது. அதைச் சொல்லித்தான் துபாயில் ஒரு ஜிம்மில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன்.

அடுத்தது தேசியப் போட்டி அரையிறுதி. ஹரியானாக்காரன் ஒருவன் மூன்றுக்கு இரண்டு என்று நடுவர் தீர்ப்பில் ஜெயித்தான். டேவிட் ஊர் திரும்பியபோது பாம்பனிலிருந்தே வேட்டு வெடித்து அழைத்து வந்தார்கள். தோற்று வந்தவனுக்கு மாலை போட்ட ஊர்தான் இது.

மூன்றாவதுதான் ஊர் மறக்காத தோல்வி. போன வருடம் கோயில் திருவிழாவில் மேடை போட்டு ஒரு காட்சிப் போட்டி வைத்தார்கள். ஒரு பக்கம் முனீஸ்வரன் என்ற இருபது வயதுக் கல்லூரிப் பையன், எதிரே நாற்பத்து நாலு வயது டேவிட். கோயில் கமிட்டித் தலைவர் ஆன்டனி ராஜ்தான் டேவிட் வேலை பார்க்கும் படகின் முதலாளி. அவரே டேவிட் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக் கூப்பிட்டார். நாற்பதாவது செகண்டில் டேவிட் விழுந்தான். சொந்த ஊரில், ஒரு பொடியனிடம். சிரித்துக்கொண்டே எடுத்த வீடியோ கீழக்கரை வரைக்கும் வந்து சேர்ந்தது.

"ஏன் மாப்ள ஏறின?" என்று கேட்டேன். "திருவிழால்ல" என்றான்.

அவன் மனைவி ஹெலன்தான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். டேவிட்டின் தம்பி இன்னாசி எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரையில், இலங்கைச் சிறையில் இருக்கிறான். இரண்டாம் முறை என்பதால், கூடப் போனவர்களை விட்டபோதும் அவனை விடவில்லை. அவன் பிடிபட்ட நாளில் டேவிட் அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டான். தம்பி வீடு வந்து சேரும்வரை ஒரு நாளைக்கு ஒரு வேளைக் கஞ்சிதான். ஆனால் அது வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் நேர்ச்சை முறிந்துபோகும் என்பது அவன் நம்பிக்கை. கமிட்டி கூப்பிட்டபோது மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். பொய் சொல்லவும் மனசு வரவில்லை. அந்த வயிற்றோடுதான் மேடை ஏறியிருக்கிறான்.

"யார்ட்டயும் சொல்லிராதீங்கண்ணே" என்றாள் ஹெலன். சரி என்றேன்.

அக்காள்மடத்தில் புதிதாகக் குத்துச்சண்டைக் கூடம் கட்டினார்கள். டேவிட்ராஜ் பெயரைத்தான் வைப்பது என்று இரண்டு வருடத்துக்கு முன்பே பேசி முடித்திருந்தார்கள். சுவர் எழும்பும்போது டேவிட் தினமும் அந்தப் பக்கமாக சைக்கிளில் போய் வாசலைப் பார்த்துவிட்டு வருவானாம். வாழ்க்கையில் தனக்கென்று அவன் ஆசைப்பட்டது அந்தப் பெயர்ப்பலகை ஒன்றுதான். போன மாதம் ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் போட்டார்கள். பயிற்சி கொடுக்கச் சொல்லி என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"பாய், பயலுக நெட்டுல தேடுனா அந்த வீடியோதான் வருது. விழுந்தவன் பேர வாசல்ல போட்டா சிரிக்க மாட்டாய்ங்களா?" என்றார் ஆன்டனி ராஜ். மேடையேற்றியதே அவர்தான்! பின்வரிசையில் டேவிட் கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"கையப் பிடிச்சுக் கூப்பிட்டது யாருய்யா? நீங்கதான! பதினாலு மாசமா ஒரு வேளைக் கஞ்சியக் குடிச்சுக்கிட்டு ஒங்க படகுல வலை இழுக்குறான்! தம்பி வரணும்னு நேந்துக்கிட்டு, யார்ட்டயும் சொல்லாம பட்டினியாக் கெடந்து அடி வாங்கியிருக்கான்! சிரிப்பீங்களா? இப்பச் சிரிங்கய்யா பாப்போம்!"

ஒரு கிழவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். ஆன்டனி ராஜ் எழுந்து, "தெரியாமப் போச்சு பாய். டேவிட் பேரயே போட்ருவோம்" என்றார். கை தட்டினார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டேவிட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

அவன் எழுந்து நின்றிருந்தான். ஐந்து முறை எதிரெதிரே நின்றிருக்கிறோம், அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. பெண்கள் பக்கத்தில் ஹெலன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏலே நவாசு, என்னடா காரியம் பண்ணிட்ட?" என்றான். "இன்னாசி இன்னும் வரலியேடா."

பெயர்ப்பலகை மாட்டியாகிவிட்டது. நல்ல பெரிய எழுத்து, ரோட்டிலிருந்தே தெரியும். டேவிட் அந்தப் பக்கம் வருவதேயில்லை. நேர்ச்சையை மறுபடியும் முதல் நாளிலிருந்து ஆரம்பித்துவிட்டானா என்று கேட்க ஹெலனுக்கு மூன்று முறை போன் போட்டேன். அவள் எடுக்கவில்லை.