விழுந்தவனுக்கு ஓர் அர்ச்சனை

தொண்ணூறுகளில் ஒரு புதுவருடக் காலம். லண்டன் வெம்பிளியில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பனிச்சறுக்குத் தாவல் போட்டி ஓடியது. நான்கு மலைகளில் அடுத்தடுத்து நடக்கும் போட்டி அது. முதல் மலையிலேயே ஒருவன் உருண்டு விழுந்தான். யாழ்ப்பாணத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த என் மனைவி, உடனே பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டாள்.

"உவன் ஆரப்பா எங்களுக்கு?" என்று சிரித்தேன்.

"ஆரெண்டால் என்னப்பா? எழும்பட்டும்."

கடைசி மலையில் அவன் மறுபடி தாவினான். கடைசி இடம்தான். ஆனால் விழாமல் நின்றான். மறுநாளே என்னைக் கோயிலுக்கு இழுத்துப் போனாள்.

"ஆருக்கு அர்ச்சனை? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ," என்றார் ஐயர்.

அவன் நட்சத்திரத்துக்கு எங்கே போவது? அவள் என் பக்கம் திரும்பினாள். எனக்கு என்ன தோன்றியதோ, என் பெயரையும் சுவாதி நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டேன்.

இன்றும் பனியில் எவன் தாவினாலும், அவன் கால் தரையில் படும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.