பழுது வண்டியில் இல்லை என்று சொன்ன ஜெயசீலன்

வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் ஜெயசீலன் அண்ணன் இறந்துபோன செய்தியை ஓர் உப்பு லாரி டிரைவர்தான் கொண்டுவந்தார். உப்பள வாசலில் எடைச் சீட்டை நீட்டியபடியே, "எலக்ட்ரீஷியன் போயிட்டார்ங்க. கடையிலயே. பேட்டரிய தூக்கினவரு அப்படியே சாஞ்சிட்டாராம்" என்றார். நான் கையெழுத்துப் போட்டு லாரியை அனுப்பினேன். அவரை அறிந்த உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. நல்லது என்றுதான் தோன்றியது.

மரக்காணத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அவர் கடைக்குப் போயிருப்பீர்கள். திட்டும் வாங்கியிருப்பீர்கள். புது வயரிங்கைத் தானே நோண்டிக் கெடுத்துவிட்டு, "தானா நின்னுடுச்சு" என்று வந்த வேன்காரர் ஒருவரை, அவருடைய மனைவி பிள்ளைகள் முன்னாலேயே வெயிலில் நிறுத்திவைத்தார். அவர் தன் தவறை ஒப்புக்கொள்ளும்வரை பானெட்டைத் திறக்கவே இல்லை. "வண்டி பொய் சொல்லாது. ஓட்டறவன்தான் சொல்வான்" என்பார். அன்று நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

நான் அப்போது ஓர் உப்பள முதலாளியிடம் டிரைவர். பழைய டீசல் ஜீப். வாரத்தில் மூன்று நாள் சென்னை, இரண்டு நாள் புதுச்சேரி. பல வருடமாகச் சர்க்கரை. வலது கால் மெல்ல மரத்துக்கொண்டே வந்தது. செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை. மிதிக்காமலே வேகத்தைப் பிடித்து வைக்கும் குரூஸ் கன்ட்ரோலைப் பழைய வண்டியிலும் பொருத்தலாம் என்று கேள்விப்பட்டதும், டீசல் மிச்சமாகும் என்று சொல்லி முதலாளியைச் சம்மதிக்க வைத்தேன்.

ஜெயசீலன் இரண்டு நாள் வேலை செய்தார். ஆக்சிலேட்டர் கேபிளோடு இன்னொரு கேபிளை இணைத்தார். வேகத்தை அறிய, சக்கரத்துக்குப் போகும் தண்டில் காந்தம் ஒட்டினார். பிரேக்கை லேசாகத் தொட்டாலே கருவி பிடியை விட்டுவிடும்படி, பிரேக் சுவிட்சிலிருந்து ஒரு வயர் இழுத்தார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே கருவி தானாக விட்டுவிட ஆரம்பித்தது. உப்புக்காற்றில் எர்த் வயரில் களிம்பு பூத்திருக்கும் என்று அதைச் சுரண்டித் துடைத்தார். காந்தத்தை நகர்த்திப் பார்த்தார். பிரேக் சுவிட்சையே புதிதாக மாற்றினார். அவர் ஓட்டினால் சரியாக ஓடியது. நான் ஓட்டினால் விட்டுப்போனது.

கடைசியில் பிரேக் சுவிட்சோடு ஒரு சின்ன பல்பை இணைத்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அனுமந்தை பக்கம் போனோம். பாதி வழியில் பல்பு எரிந்தது. அவர் பல்பைப் பார்த்தார், குனிந்து என் காலைப் பார்த்தார். என் பாதம் பிரேக் மேல் இருந்தது. எனக்குத் தெரியவில்லை.

உப்பளத்தை ஒட்டி நிறுத்தச் சொன்னார். செருப்பைக் கழற்றி, வலது காலை அவர் பக்கம் நீட்டச் சொன்னார். "அந்தப் பக்கம் பாரு" என்றார். பெண்கள் உப்பு சுமந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"குத்தியாச்சு. மூணு தடவை."

அவர் கையில் கரண்ட் பார்க்கும் ஊசி இருந்தது. என் உள்ளங்காலில் ரத்தம்.

தையில் என் மகளுக்குக் கல்யாணம். டிரைவர் வீட்டுப் பெண் என்று கேட்டு வந்த சம்பந்தம். அதுவரைக்கும் யாரிடமும் சொல்லாதீர்கள் அண்ணா என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"தை வரைக்கும் ரோட்ல ஆளு நடக்காதா?" என்றார்.

சாவியை வாங்கி அவரே ஓட்டிவந்தார். முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். லோடு ஏற்றுகிற அத்தனை பேர் நடுவில் சொன்னார்: "இவனுக்குக் கால் செத்துப்போச்சு. இனிமே சாவி குடுக்காதீங்க." அன்று மாலையே கருவியையும் கழற்றினார். என்ன கோளாறு என்று ஒருவர் கேட்டதற்கு, "இவனே ஒரு குரூஸ் கன்ட்ரோல். காலே தேவையில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இன்றுவரை உப்பளத்தில் என் பெயர் குரூஸ். முதலாளி என்னை எடைச் சீட்டு பார்க்க வாசலில் உட்கார வைத்தார்.

ஊசி இறங்கிய இடம் பழுத்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். உள்ளே ஏற்கெனவே புண் இருந்திருக்கலாம், எதனால் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். மூன்றாம் நாள் ஜெயசீலன் வந்தார். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் உட்காரவில்லை.

"நான் குத்தின எடம்தான். எனக்குத் தெரியும்" என்றார். பிறகு, "அந்த நாள் திரும்ப வந்தாலும் குத்துவேன்" என்றார்.

வெளியே போகச் சொன்னாள். போய்விட்டார். கல்யாணத்துக்கு நான் அவரை அழைக்கவில்லை.

அவரிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. என் மனைவியும் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். கருவி பொருத்துவதற்கு முந்தின மாதம், அனுமந்தை திருப்பத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டேன். மீன்கூடையோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண் ஓரத்துப் பள்ளத்தில் விழுந்து தப்பினாள். மீன் முழுக்க ரோட்டில் சிதறியது. நான் நிறுத்தவில்லை.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவரை மன்னிக்கவில்லை. அவரும் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால், முப்பத்தொரு வருடம் வண்டி ஓட்டினேன், ஓர் உயிரைக்கூட எடுக்கவில்லை என்று வாசலுக்கு வரும் டிரைவர்களிடம் சொல்லிக்கொள்வேன். அந்தப் பேச்சை நான் உண்மையாகவே சொல்ல முடிவது அவரால்தான். அதை மட்டும் அவர் தந்ததாக வைத்துக்கொள்கிறேன்.