ஆளுக்குப் போட்ட வலை

எங்கள் குப்பம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெளியூர் ஜனம் வேனிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கும். எங்கள் கடல் பார்வைக்குச் சாது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போதே காலடி மணல் நழுவி ஆளை உள்ளே வாங்கிக்கொள்ளும். சொன்னால், "எங்களுக்கு நீச்சல் தெரியும், நீ உன் வேலையைப் பாரும்மா" என்பார்கள். கொஞ்ச நேரத்தில் கூச்சல் கேட்கும்.

கூச்சல் கேட்டால் எங்கள் ஆட்கள் சோற்றுக் கையை உதறிக்கொண்டு ஓடுவார்கள். தீயணைப்பு வண்டி வந்து சேரப் பொழுதாகும். போலீஸ் வந்தாலும் எங்களைத்தான் கேட்கும். எங்களை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. சம்பளமும் இல்லை. எத்தனையோ பேரை உயிரோடு கரையேற்றியிருக்கிறோம். எழுத்துக்கூட்டி எழுதுகிறவள்தான் நான். இதை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுவேன்.

அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் நீந்துகிறவர்கள் இறங்குவார்கள். அவர்கள் கை ஓய்ந்தால் கட்டுமரம் போகும். அதுவும் வெறுமனே திரும்பினால் கரைவலை. வலையைக் கட்டுமரத்தில் கொண்டுபோய் அரைவட்டமாக விட்டு வந்து, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று ஊரே இழுக்கும். ஆளுக்காக வலை இறங்கிவிட்டது என்றால், இனி உயிரைத் தேடவில்லை என்று அர்த்தம். குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. நாங்களும் சொல்வதில்லை.

சொல்லாமல் பக்கத்தில் இருப்பது என் வேலை. என் வீட்டுக்காரர் தண்ணீரில் இறங்குவார். போன ஆளின் வீட்டுப் பெண் பின்னாலேயே இறங்கிவிடாமல் நான் பிடித்துக்கொள்வேன்.

தொண்ணூறுகளில் ஒரு கோடை ஞாயிற்றுக்கிழமை. அன்று என் பிடியில் இருந்தவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். புருஷனுக்குக் கல்பாக்கத்தில் உத்தியோகம். கல்யாணமாகிக் குடித்தனம் வந்த புதிது. குளிக்க இறங்குமுன் அவர் கழற்றிக் கொடுத்த மூக்குக்கண்ணாடியை முந்தானையில் சுற்றி வைத்திருந்தாள்.

"கண்ணாடி இல்லாம அவுகளுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. கரை எந்தப் பக்கம்னு தெரியாம அங்கனயே நிக்காவ போல."

"ஆமாம்மா. இரு. எங்க ஆளுங்க போயிருக்காங்க."

என் வீட்டுக்காரர் உதடு வெளுத்துக் கரையேறினார். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். கட்டுமரமும் திரும்பியது. வலைக்குச் சொந்தக்காரர், எங்கள் ஊருக்கே மூத்தவர், கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டு, "வலைய எடு" என்றார்.

வலை வருவதைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். அவள் முகத்தில் அப்போதுதான் தெம்பு வந்தது.

"வலை இருக்கா? முதல்லயே போட்டிருக்கலாம்லாக்கா? அம்புட்டுச் சின்ன மீனே மாட்டுது, ஆளு மாட்டாமலா போயிருவாவ?"

நான் தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

கயிற்றின் முன்னால் என் நாத்தனார் நின்றாள். வேடிக்கை பார்த்த பேண்ட்டுக்காரர்களைப் பார்த்து, "இன்னா சார், கைய கட்டிகினு நிக்கிற? கயிறு கடிக்காது, வந்து பிடி" என்றாள். நாலைந்து பேர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து பிடித்தார்கள்.

அந்த மாசம் முழுக்க எங்கள் வலையில் சொறிமீனும் பாசியும்தான் வந்துகொண்டிருந்தன. பல வீடுகளில் ஒரு வேளைதான் அடுப்பு எரிந்தது. அன்று பாதி இழுக்கும்போதே கயிறு விறைத்துக்கொண்டது. கனத்து வந்தால் கத்துவது எங்கள் பழக்கம். நினைத்துக் கத்துவது இல்லை, கயிற்றில் கை வைத்த நாளிலிருந்து கூடவே வந்தது. "கனம்டா, வுடாத, வாங்கு, வாங்கு" என்று ஒருவன் குரல் கொடுத்ததும் இரண்டு கயிற்றிலும் அத்தனை குரலும் எழும்பிவிட்டது. நல்ல மீன்பாடு கிடைத்தால் வருகிற அதே சந்தோஷக் கூச்சல்.

அவள் என் கையை உதறிவிட்டு ஓடினாள். "கெடச்சிட்டாவளா? அக்கா, கெடச்சிட்டாவளா?"

வலையின் மடி, மீன் சேரும் பை, கரைக்கு வந்தது. உள்ளே அத்தனையும் நெத்திலி. அந்த வருஷத்தில் நாங்கள் கண்ணால் பார்க்காத அளவு. கத்திய வாயெல்லாம் மூடிக்கொண்டது. அவள் மட்டும் மண்டி போட்டு, துள்ளுகிற மீனை இரண்டு கையாலும் விலக்கி விலக்கி அடியில் தேடினாள். முழங்கை வரைக்கும் செதில்.

கூட்டத்தில் பையோடு நின்ற ஒருவர், "இன்னா விலைம்மா?" என்றார்.

என் நாத்தனார் திரும்பினாள். "உன் வூட்டு ஆளத் தேடிகினு இருந்தா வெல கேப்பியா நீ? போய்யா அப்பால."

ஆளுக்குப் போட்ட வலையில் வந்த மீனை நாங்கள் கூடையில் எடுப்பதில்லை. "அவுத்து வுடு" என்றார் பெரியவர்.

"நைனா, புள்ளைங்க பட்டினியா கீதுங்க" என்று யாரோ பின்னாலிருந்து முனகினார்கள்.

"தெரியும்டா. அவுத்து வுடு."

மடியின் முடிச்சை அவிழ்த்தார்கள். பாதி மீன் நீந்திப் போனது, பாதி அலையில் புரண்டது.

மறுபடி வலை போட்டோம். இந்தத் தடவை அவளே வந்து எனக்கு முன்னால் கயிற்றைப் பிடித்தாள். நான் விலக்கப் போனேன்.

"வுடு அண்ணி, இழுக்கட்டும்" என்றாள் நாத்தனார்.

இழுத்தாள். கயிற்றில் கனம் இல்லை. வலையில் ஒன்றும் இல்லை என்பது எங்கள் கைக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவள் கைக்குத் தெரியவில்லை. உள்ளங்கை கிழிய இழுத்துக்கொண்டிருந்தாள். மடியில் பாசிதான் வந்தது.

"இன்னொரு தடவ போடுவீகளா அய்யா?"

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் வடக்கே ஓடிக்கொண்டிருந்தது; போனவர் இனி எங்கள் கரையில் இருக்க மாட்டார். பெரியவர் மீன் விலையில்கூடப் பொய் சொல்லாதவர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "காலைல போடலாம்மா. நீ போய் எதுனா துன்னு" என்றார்.

அவள் நம்பிக்கொண்டு வேன் ஏறினாள். எங்கள் ஆட்கள் வடக்கே உள்ள குப்பங்களுக்கெல்லாம் சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். எந்தக் கரையிலும் அவர் ஒதுங்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அப்புறமும் இல்லை.

வீட்டில் நான் கேட்டேன். "காலைல வலை போட்டா இன்னா கெடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காது" என்றார் என் வீட்டுக்காரர்.

"தெரிஞ்சே ஏன் சொன்னாரு?"

"நீதான் அந்தப் பொண்ணாண்டயே இருந்தியே. நீ சொல்லிட்டியா?"



காலையில் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. பெரியவர் சொன்னது சொன்னதுதான் என்று வலையை ஏற்றினார்கள். அவள் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தாள், கூட அவள் மாமனார். வலையை விட்டு வந்து கயிற்றைக் கொடுத்தார்கள். தொட்டதுமே தெரிந்தது, பஞ்சு மாதிரி வந்தது. அப்படியே இழுத்தால் ஒரு நொடியில் கரைக்கு வந்துவிடும், அவளும் பார்த்துவிடுவாள்.

முன்னால் நின்ற நாத்தனார் குதிகாலை மணலில் ஊன்றி, பெரிய கனத்தை இழுப்பவள் மாதிரிப் பின்னால் சாய்ந்தாள். பார்த்து நானும் சாய்ந்தேன். எதிர்க் கயிற்றில் இருந்தவர்களும் சாய்ந்தார்கள். ஒருத்தரும் குரல் எழுப்பவில்லை. வெறும் வலையை எவ்வளவு மெதுவாக இழுக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக இழுத்தோம். அவள் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, மடி வரப்போகும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.