தூறலுக்குப் பின்னால் நின்ற முகம்

எழுபதுகளின் நடுவில் அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தேன். மந்தைவெளியிலிருந்து தினமும் பஸ். எங்கள் கூடத்துக்கு அப்போதுதான் லேசர் வந்திருந்தது. அதைத் தொட எனக்கு மட்டும்தான் அனுமதி என்பதில் தலைக்கனம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

நாசில் என்ற குழாய்முனையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர்த் துளிகளை அளப்பது என் வேலை. தூறலுக்குள் லேசரை விட்டால், அந்தப் பக்கத் திரையில் வெளிச்சம் வட்டமாகச் சிதறும். எவ்வளவு அகலமாகச் சிதறுகிறதோ, துளி அவ்வளவு சிறியது. வெளிப் பட்டறை ஒன்றில் செய்து புதிதாக வந்த நாசிலில் துளி நாங்கள் கேட்டதில் பாதிதான் இருந்தது. ஓட்டையைச் சின்னதாகப் போட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டி, அந்தப் பட்டறைக்கு இனி வேலை தர வேண்டாம் என்று அலுவலகத்துக்குக் குறிப்பும் எழுதிவிட்டேன்.

இரண்டே நாளில் பட்டறைக்காரர் ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும். அந்த ஓட்டையைப் போட்ட ட்ரில் பிட்டைக் கையோடு கொண்டுவந்து, நாசிலில் நுழைத்துக் காட்டினார். கச்சிதமாக நுழைந்தது. லேசர் பொய் சொல்லாது என்றேன் விறைப்பாக. அவர் வாக்குவாதம் செய்யவில்லை. தண்ணீரைத் திறக்கச் சொல்லிவிட்டு, தூறலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

“என் மூஞ்சி தெரியுதாம்மா?”

தெரியவில்லை. வெறும் வெள்ளைதான்.

“அப்ப உங்க லைட்டு மட்டும் எப்படிம்மா நேரா வரும்? துளி துளியா மோதிக்கினுதானே வருது?”

எனக்குச் சுருக்கென்றது. ஒரு துளியில் பட்டுச் சிதறிய வெளிச்சம் அடுத்தடுத்த துளிகளிலும் பட்டு, இன்னும் விரிந்திருக்கிறது. அந்த விரிவைப் பார்த்துத்தான் துளி சிறியது என்று நம்பியிருக்கிறேன். ஒரு தகரத்தில் மெல்லிய பிளவு போட்டு, தூறலில் ஓர் இழையை மட்டும் லேசரின் பாதையில் விட்டு அளந்தோம். துளி நாங்கள் கேட்ட அளவிலேயே இருந்தது.

தவறு என்னுடையது என்று வேறு குறிப்பு எழுதினேன். பழைய குறிப்பை எழுதியபோது ஓடிய பேனா இப்போது ஓடவில்லை. இது போதுமா என்று கேட்டதற்கு அவர் தயங்கினார்.

“பட்டறைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. அந்த ஓட்டை போட்டவரு ரெண்டு நாளா சரியா சாப்புடல.”

அப்படி ஒருவர் இருப்பதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அன்று மாலையே போனேன். ஓட்டை போட்டவர் கண்ணாடி போட்ட ஒரு மனிதர்; நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

இப்போதும் யாரைப் பற்றியாவது குறை எழுத உட்கார்ந்தால், முதலில் அந்த ஆளின் முகம் எனக்குத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.